ஆளில்லாத பள்ளத்தாக்கு

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். கடல்களுக்கு அப்பால் ஒரு பனிமலை நாடு. மாளிகைகள் பொன் பூசி மின்ன, குடிகள் பட்டினி கிடந்த காலம்.

அங்கே ஓட்டோகர் என்றொரு பிரபு. அவன் தயவில் வாழ்ந்தாள் அகத்தா. செப்புத் தகட்டில் நிலக்காட்சிகளைக் கீறி, மை தடவி, தாளில் அச்செடுப்பவள். வீடு அவனுடையது, தகடு அவனுடையது, அடுப்பில் வேகும் கிழங்கும் அவனுடையது.

மாளிகைக்குக் கீழிருந்த பள்ளத்தாக்கைக் கீறச் சொன்னான். கண்டதைக் கீறினாள்: குடிசைகள், புகை, ஏர் பிடித்த மனிதர்கள்.

முதல் அச்சைப் பார்த்துப் பிரபு முகம் சுளித்தான். "குடிசையை எடு. மரம் வை." அகத்தா செம்பைத் தேய்த்து மழுக்கினாள், மரம் வைத்தாள்.

இரண்டாம் அச்சைப் பார்த்தான். "ஆட்களை எடு. மான் வை." பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள், மான் வைத்தாள்.

மூன்றாம் அச்சைப் பார்த்துச் சிரித்தான். "இதுதான் என் பள்ளத்தாக்கு! அரசர் வருகிறார். ஆளில்லாத காடு என்று காட்டி, என் பேருக்கு எழுதி வாங்கிவிடுவேன். பிறகு கீழே இருப்பவர்களை விரட்ட எவ்வளவு நேரம்?"

தான் தேய்த்தது எத்தனை அடுப்புகளை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அரசன் வந்தான். பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் பட்டுத்திரை தொங்கியது. அச்சுப்படம் சேர்ப்பதில் அரசனுக்குப் பித்து. மூன்றாம் அச்சைப் பார்த்துவிட்டு, "தகட்டைத் தேய்க்கும் முன் எடுத்த முதல் அச்சுதானே அரிது? உன்னிடம் ஏது!" என்று சீண்டினான்.

அரிய அச்சைப் பதுக்கி வைத்துப் பெருமையடிப்பது பிரபுக்களின் வழக்கம். "என்னிடம் இல்லாததா, அரசே!" என்று பெட்டியைத் திறந்து முதல் அச்சை நீட்டினான் ஓட்டோகர்.

"ஏனப்பா, காட்டில் இத்தனை அடுப்புப் புகையா?" என்றான் அரசன்.

பிரபுவின் முகம் வெளுத்தது. "அது... இவளுடைய கற்பனை, அரசே. சொல்லடி அகத்தா!" பக்கத்தில் நின்ற அவள் காதருகே குனிந்து முணுமுணுத்தான்: "வீடு உனக்கே. ஆயுசுக்கும் சோறு."

வீடில்லாத பனிக்காலம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்தாள்.

"கற்பனை மூன்றாம் அச்சில் இருக்கிறது, அரசே. மரம் பொய். மான் பொய். சோற்றுக்காக நான் கீறிய பொய். திரையை விலக்கிப் பாருங்கள்."

அரசன் விலக்கிப் பார்த்தான். அவன் ஒன்றும் தர்மவான் இல்லை; தன்னையே ஏமாற்றப் பிரபு துணிந்தானே என்ற கோபம். நிலத்தை எழுதிக் கொடுக்காமல் குதிரை ஏறினான்.

அன்றே அகத்தாவைத் தெருவில் தள்ளினான் பிரபு. பள்ளத்தாக்கில் இறங்கினாள். ஒரு குடிசைக் கதவு திறந்தது.

"வா அக்கா. இடம் நெருக்கடி. கையைக் காலைக் குறுக்கித்தான் படுக்க வேண்டும்."

"இனி படுக்கும்போது மட்டும்தான் குறுகுவேன், தங்கச்சி" என்று உள்ளே போனாள் அகத்தா.

ஆகவே கேளுங்கள்: சோறு போடுகிறவனுக்கு உழைப்பைக் கொடுத்தால் போதும், கண்ணால் கண்ட உண்மையைக் கொடுக்கக் கூடாது.