யாருக்கும் பிடிபடாத அழுங்குப் பந்து

புன்னைக்குளத்துக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. எறும்புதின்னி என்று சொல்வோமே, அதேதான். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தது போலச் செதில். முன்கால் நகங்களை உள்ளே மடக்கி, முட்டியை ஊன்றித்தான் நடக்கும். யாராவது "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் போச்சு! வெட்கத்தில் சுருண்டு உருண்டையாகிவிடும். கேட்டவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வழியே போக வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் கிரிக்கெட் என்றால் உயிர். தென்னை மட்டைதான் பேட். புன்னைக்காய்தான் பந்து. மூன்று மூங்கில் குச்சியை நட்டால் விக்கெட் தயார். அழுங்கு தினமும் கரையான் புற்று ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்க்கும். நம்மையும் ஒரு நாள் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கும். யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டாலும் சுருண்டுகொள்கிற ஜென்மம் அது!

ஒரு நாள் பந்து வீசும் காட்டுப்பன்றிக்குக் காலில் முள் ஏறிவிட்டது. அணித் தலைவர் கடமான் சுற்றுமுற்றும் பார்த்தது. வேறு ஆள் இல்லை.

"ஏய், புற்று ஓரத்து ஆளே! ஒரு ஓவர் போடுவியா?"

அழுங்குக்கு உடம்பு தானாகச் சுருள ஆரம்பித்தது. ஆனால் ஆசை யாரை விட்டது? மனதைத் திடப்படுத்திக்கொண்டு நிமிர்ந்து, "போடுறேன் தலைவரே" என்றது.

மடங்கிய நகத்துக்கும் முட்டிக்கும் நடுவே புன்னைக்காயைச் சொருகிக்கொண்டது. மட்டையோடு நின்ற குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

"இது பந்து பிடிக்கிற லட்சணமா? புளியங்கொட்டை சுண்டப் போறவன் மாதிரி இருக்கே!"

அழுங்கு தத்தக்கா பித்தக்கா என்று ஓடிவந்தது. சுண்டியது. காய் இடப்பக்கம் குத்தி வலப்பக்கம் திரும்பியது. குரங்கின் நடுக்குச்சி பறந்தது!

அடுத்து வந்தது முள்ளம்பன்றி. "ஓ, வலப்பக்கம் திரும்புமா? பார்த்துக்கிறேன்" என்று மீசையை முறுக்கியது. அதே ஓட்டம். அதே சுண்டல். இந்த முறை காய் நேர் எதிராகத் திரும்பியது. முள்ளம்பன்றியின் குச்சியும் போயிற்று.

அப்புறம் என்ன? ஒரே மழைக்காலத்தில் அழுங்கு காட்டு அணிக்குள் வந்துவிட்டது. சதுப்புக்காட்டோடு ஆடப் போனார்கள். அங்கே முதலை ஐந்து பந்து தாக்குப்பிடித்ததே பெரிய சாதனை. மலைக்காட்டோடு ஆடினார்கள். யானை குனிந்து குனிந்து பார்த்தும் காய் எந்தப் பக்கம் போகும் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காடுவிட்டுக் காடு செய்தி சொல்லும் கிளிகள், "கையைப் பார்த்தாலும் தெரியலை! காயைப் பார்த்தாலும் தெரியலை! அதிசயம்! அதிசயம்!" என்று கத்திக்கொண்டே பறந்தன. ஏழு காட்டிலும் அழுங்கு பேச்சுதான். குட்டிகள் எல்லாம் நகத்தை மடக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்து, தாய்மார்களிடம் அடி வாங்கின.

எல்லாம் சரி. ஒரே ஒரு சங்கடம்.

விக்கெட் கீப்பர் ஒரு பெரிய தவளை. குந்துவதற்கென்றே பிறந்த உடம்பு. கண் கெட்டி, கை கெட்டி. வாய் மட்டும் ஒரு நிமிடம் ஓயாது. "போடு தம்பி, போடு! அப்படித்தான்! என்ன கரடியண்ணே, மட்டை ஆடுதே, காத்தா, பயமா? போடு தம்பி!" என்று காலை முதல் மாலை வரை அதே கச்சேரி. அழுங்குக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். சுருளாமல் ஓடிவர அதுதான் தைரியம்.

ஆனால் அழுங்கு போடும் பந்து தவளைக்கும் புரியவில்லை. மட்டையை ஏமாற்றிய காய் தவளையையும் ஏமாற்றிவிட்டு எல்லைக்கு ஓடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பதினைந்து, இருபது உதிரி ஓட்டம் சும்மாவே எதிரிக்குப் போனது.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் தவளை பக்கத்தில் வந்தது.

"தம்பி, உள்ளே வருதா, வெளியே போகுதான்னு எனக்கு மட்டும் ஒரு சாடை காட்டக்கூடாதா?"

சொல்லிவிட அழுங்குக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால், கொள்ளை ஆசை! ஏழு காடும் கைதட்டுகிறது. ஆனால் என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று தெரிந்து தட்டியவர் ஒருவர் உண்டா? "இந்த நகத்தை அடியில் கொடுத்து அந்த நகத்தால் தள்ளினாயா? அடடா!" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படி ஓர் ஆளுக்காக அழுங்கு ஏங்கிக் கிடந்தது.

ஆனால் கேட்டது தவளை ஆயிற்றே! நுணலும் தன் வாயால் கெடும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தவளையிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சதுப்புக்காடு வரை போய்விடாதா? தெரிந்துபோன வித்தைக்கு என்ன மதிப்பு? பிறகு நம்மை யார் கூப்பிடுவார்கள்?

அழுங்கு சுருண்டுகொண்டது. தவளை கொஞ்ச நேரம் அதன் செதிலைத் தட்டிப் பார்த்தது. பிறகு குளத்துக்குப் போய்விட்டது.

ஏழு காடுகளின் கோப்பை வந்தது. அரையிறுதிக்கு முந்தின நாள், மற்றோர் அரையிறுதியில் ஆட இருந்த மேட்டுக்காட்டு அணியின் தலைவன் நரி மெல்ல வந்து குளக்கரையில் உட்கார்ந்தது. புதருக்கு இந்தப் பக்கம் எறும்பு தின்றுகொண்டிருந்த அழுங்கை அது பார்க்கவில்லை.

"தவளைத் தங்கச்சி! பக்கத்திலேயே குந்தியிருக்கியே, அந்த அழுங்கு ரகசியம் உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

தவளை கெக்கெக்கென்று சிரித்தது. "தெரிஞ்சா இந்த வாய் சும்மா இருக்குமா அண்ணே? ஏழு காட்டுக்கும் தம்பட்டம் அடிச்சிருக்க மாட்டேனா!"

நரி வந்த வழியே போனது. புதருக்குள் அழுங்கு, "பார்த்தாயா! சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது. ஆனாலும் அன்று எறும்பு ருசிக்கவில்லை.

அரையிறுதியில் புன்னைக்குளத்துக் காடு தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தது. உதிரி ஓட்டம் மட்டும் இருபத்துநான்கு! கடமானுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"பிடிக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்த இடம்? இறுதி ஆட்டத்துக்குக் கீரி நிற்கட்டும்!"

தவளை தலையைத் திருப்பி அழுங்கைப் பார்த்தது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை போதும். "தலைவரே, தப்பு அக்கா மேல இல்லை. நான்தான் சொல்லித் தரலை." அந்த வார்த்தை அழுங்கின் தொண்டை வரை வந்தது. வந்து என்ன பயன்? பாழாய்ப்போன உடம்பு சுருண்டுகொண்டது. அது மறுபடி விரிந்தபோது மைதானத்தில் யாரும் இல்லை.

இறுதி ஆட்டம். எதிரே நரியின் மேட்டுக்காடு. விக்கெட்டுக்குப் பின்னால் கீரி. பாம்பையே பிடிக்கிற வேகம்! ஆனால் பேச்சு மூச்சு இல்லை. அழுங்கு ஓடிவரும்போதெல்லாம் "போடு தம்பி!" என்று ஒரு குரலைக் காது தேடியது. கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரே வெறுமை. அழுங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என்றாலும் பந்து மட்டும் குறை வைக்கவில்லை. ஒன்பது குச்சிகள் பறந்தன. காய்களும் கீரியைத் தாண்டித் தாண்டிப் பறந்தன. கடைசிப் பந்து வந்தது. மேட்டுக்காட்டுக்கு வேண்டியது மூன்று ஓட்டம். கையில் ஒரே விக்கெட். மட்டையோடு நிற்பது நரி.

அழுங்கு தன் வாழ்நாளிலேயே சிறந்த பந்தைப் போட்டது. காய் உள்ளே வருவது போல வந்து, குத்தி, வெளியே வெட்டிக்கொண்டு போனது. நரி கண்ணை மூடிக்கொண்டு வீசியது. மட்டையில் படவில்லை. குச்சியிலும் மயிரிழையில் படவில்லை. கீரி இந்தப் பக்கம் பாய்ந்தது. காய் அந்தப் பக்கமாக உருண்டு எல்லையைத் தாண்டியது.

நான்கு உதிரி ஓட்டம். கோப்பை போயிற்று.

"இப்படி ஒரு பந்தை யாரும் பார்த்ததே இல்லை! அதிசயம்!" என்று கிளிகள் அப்போதும் கத்தின. நரி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுங்கின் பக்கம் வந்தது.

"தம்பி, சத்தியமாச் சொல்றேன், உன் பந்து எனக்கு இன்னமும் புரியலை. நல்லவேளை, உன் ஆளுக்கும் புரியலை!"

அழுங்கு சுருளப் பார்த்தது. அன்றைக்கு ஏனோ உடம்பு மடங்கவில்லை. அந்த வெயிலிலேயே முட்டியை ஊன்றி ஊன்றிக் குளத்துக்கு நடந்தது.

தவளை கரைக்கல்லில் குந்தியிருந்தது. "என்ன தம்பி, இவ்வளவு தூரம்?"

"கோப்பை போச்சு அக்கா."

"கிளி சொல்லிச்சு."

அழுங்கு முன்காலை நீட்டியது. மடங்கிய நகங்களை ஒவ்வொன்றாக விரித்தது. யாருக்கும் காட்டாத கை அது.

"இந்த நகம் அடியில் இருந்தா உள்ளே வரும். இந்த நகம் அடியில் இருந்தா வெளியே போகும். வெளியே போறதுன்னா, ஓடுறதுக்கு முன்னாடி மண்ணை மோந்து பார்ப்பேன். உள்ளேன்னா மோக்க மாட்டேன். அவ்வளவுதான் அக்கா. இவ்வளவுதான் ரகசியம்."

தவளை நகங்களை உற்றுப் பார்த்தது. பிறகு கல்லிலிருந்து குதித்து, நாலடி தள்ளிக் குந்தியது. "எங்கே, போடு பார்க்கலாம்!"

அழுங்கு பத்துப் பந்து போட்டது. தவளை பத்தையும் பிடித்தது. வாயும் ஓயவில்லை. "போடு தம்பி, போடு! என்ன நரியண்ணே, வால் நடுங்குதே, குளிரா? போடு தம்பி!" என்று இல்லாத நரியைக் கேலி செய்துகொண்டே இருந்தது. உள்ளே வரும் பந்துக்கும் அதே பேச்சு. வெளியே போகும் பந்துக்கும் அதே பேச்சு. அழுங்கு திகைத்து நின்றது.

"அக்கா, உன் பேச்சை வெச்சு எது எந்தப் பந்துன்னு எனக்கே கண்டுபிடிக்க முடியலையே!"

"பின்னே? வாயாடி திடீர்னு வாயை மூடினாத்தானே நரிக்குச் சந்தேகம் வரும்! இத்தனை வருஷமாப் பேசுறேனே, அணி விஷயம் ஒண்ணாவது இந்த வாயிலிருந்து வெளியே போயிருக்கா?"

"அன்னைக்கு நரிகிட்ட, தெரிஞ்சாத் தம்பட்டம் அடிப்பேன்னு சொன்னியே…"

"கேட்டது நரிடா! நரிக்கு அப்படித்தான் சொல்லுவேன். என்னை நம்பலாமான்னு நீ வந்து கேட்டிருக்கலாமே! நீ சுருண்டுக்கிட்டே!"

அடுத்த கோப்பைக்கு இன்னும் நான்கு மழைக்காலம் போக வேண்டும். தவளையின் இந்தக் கைகளை நம்பிக் கோப்பை ஆட, அழுங்கு இனி எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ! தலையைக் குனிந்துகொண்டு மண்ணை மோந்தது. இன்னொரு பந்து போட்டது.

தவளை கடைசி நொடியில் கையை மாற்றி அதையும் பிடித்தது. காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"தம்பி, இதை வெளியே போகட்டும்னுதானே போட்டே? நகம் வழுக்கிடுச்சு, உள்ளே வந்துடுச்சு. என்ன, சரியா?"

சரிதான். ஏழு காடும் எழுந்து நின்று கைதட்டியபோது வராத சந்தோஷம், தப்பாகப் போன அந்த ஒரு பந்தில் அழுங்குக்கு வந்தது. குளக்கரையில் நின்று அது வாய்விட்டு அழுதது.

வித்தையை எதிரியின் கண்ணுக்கு மறைக்கலாம். கூட நிற்பவர் கண்ணுக்கும் மறைத்தால், அந்த வித்தையே நம்மைத் தோற்கடித்துவிடும்.