தண்ணீர் மறுத்த தாண்டவராயர்

வடசென்னையில் நெய்தல் கால்பந்துக் கழகம் என்று ஒன்று உண்டு. அங்கே ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், அவர்கள் கழற்றிப் போடும் சட்டைகளைத் துவைப்பதும் தாண்டவராயரின் வேலை. பம்பு அறையை ஒட்டிய ஒற்றை அறைதான் அவர் வீடு. தினமும் காலையில் குளித்து, நீறு பூசி, பின்தெருவில் இருக்கும் அமுதீசர் கோயிலுக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்துபோய்க் கொடுத்த பிறகே மைதானத்துக்கு வருவார். தண்ணீர் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்வதில்லை என்பது அவர் இருபத்தாறு வருடங்களாகக் காத்துவந்த நோன்பு.

கழகத்தின் சட்டை கறுப்பு. வெயிலில் ஆடி முடித்த பின் வேர்வை காய்ந்து, அதில் வெள்ளைக் கோடுகளாக உப்புப் படிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது அழுக்கு. தாண்டவராயருக்கோ அது திருநீறு. ஓடி உழைத்த உடம்பில் ஐயன் தன் கையால் பூசிவிட்ட நீறு என்று நம்பி, சட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாளியில் நனைப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே, யாருக்கு உப்பு அதிகம் போகிறது என்பது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

நடுக்களத்தில் ஆடும் ஜெயசீலனின் சட்டை அப்பளம் போல விறைத்து நிற்கும். அவருடைய பாட்டிலில் மட்டும் தாண்டவராயர் எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை கலந்து, உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவார். ஆட்டக்காரர்கள் அவரை 'உப்புச்சாமி' என்று கிண்டல் செய்தார்கள். சாமி என்று முடிகிறதே, போகட்டும் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஆண்டு புதிதாக வந்த உடற்பயிற்சி அதிகாரி தினகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"கண்டதையும் கலந்து குடுக்காதீங்க பெரியவரே. சுத்தமான தண்ணி. வயிறு முட்டக் குடிக்கணும். அவ்ளோதான்."

"சார், ஜெயசீலன் தம்பிக்கு உப்பு ரொம்பப் போகுது. வெறும் தண்ணி அவருக்கு ஆகாது சார்."

"துணி துவைச்சே வைத்தியம் கத்துக்கிட்டீங்களா? அப்ப நாங்கல்லாம் எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளே தாண்டவராயரை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். மைதானத்துக்குள் கால் வைத்தால் வேலை போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று அவர் அழுதது உண்மை. ஆனால் யாரையும் நொந்துகொள்ளவில்லை. வெயிலில் வண்டியோடு காத்துக் கிடந்த ஓட்டுநர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

கத்திரி பிறந்தது. அமுதீசரின் தலைக்கு மேலே தாராபாத்திரம் கட்டினார்கள். அடியில் சிறு துளையிட்ட அந்தச் செம்பிலிருந்து, பகலெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர் லிங்கத்தின் மீது விழும். அதை நிறைத்தது தாண்டவராயரின் குடம்தான்.

அரையிறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தொடங்கியது. போன ஆட்டத்தில் ஜெயசீலனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதால், காலையிலிருந்தே அவரைப் பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். இடைவேளையிலும் இரண்டு பாட்டில் உள்ளே போனது. கம்பி வேலிக்கு வெளியே நின்ற தாண்டவராயர் அந்தப் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஜெயசீலன் பந்தை எடுத்துக்கொண்டு தன் அணியின் கோலை நோக்கியே ஓடினார். பிறகு கோட்டருகே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வந்தது முழுக்கத் தெளிந்த தண்ணீர்.

"தாகமா இருக்கு... தண்ணி," என்று முனகினார். தினகர் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனார். மைதானக் கடிகாரம் அஞ்சேகால் காட்டியது.

அறுபது வயது தாண்டவராயர் வேலி ஏறிக் குதித்து ஓடிவந்து, அந்தப் பாட்டிலைத் தட்டிவிட்டார்.

"ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க சார்! விரலைப் பாருங்க, கல்யாண மோதிரம் சதைக்குள்ள போயிருக்கு. உடம்பெல்லாம் தண்ணியா நிக்குது. உப்பே இல்ல!"

ஜெயசீலனின் மனைவி மெர்சி இருக்கையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார். "தாகம்னு கேக்குற மனுசன் வாயிலேர்ந்து தட்டி வுடுறியே, நீயெல்லாம் நெத்தி நெறைய பூசி என்னாய்யா பிரயோசனம்?"

ஜெயசீலன் தாண்டவராயரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஒரே ஒரு வாய்..."

"இல்லப்பா," என்றார் தாண்டவராயர். இருபத்தாறு வருடங்களில் தண்ணீர் கேட்டவரிடம் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன மாத்திரத்தில் அவருக்கும் அழுகை வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொள்ளும் வரை அந்தக் கையை விடவில்லை, தண்ணீரும் கொடுக்க விடவில்லை.

ஆறரை மணிக்கு மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்தார். "ரத்தத்துல உப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இன்னொரு பாட்டில் தண்ணி உள்ள போயிருந்தா மூளை வீங்கி ஆளே போயிருப்பார். உப்பு ஏத்தினோம், இப்ப பயமில்ல." உள்ளே ஜெயசீலன் கண்ணைத் திறந்து, "மெர்சி, யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். அப்பாடா என்று அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது. தினகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாண்டவராயரைத் தேடினார். அவர் அதற்குள் கோயிலுக்கு நடந்துவிட்டிருந்தார்.

பிள்ளை பிழைத்த நிம்மதி இருந்தது. ஆனாலும் நோன்பை முறித்தவன் என்ற கூச்சம் அவரைச் சந்நிதி வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவரைப் பார்த்ததும் சோமாஸ்கந்த குருக்கள் பரபரப்பாக வெளியே வந்தார்.

"வாரும், உம்மைத்தான் தேடிண்டிருக்கேன். அஞ்சேகாலுக்குத் தாரை நின்னுடுத்து. செம்பு நிறைய ஜலம் இருக்கு. தர்ப்பையை விட்டுப் பாத்தேன், அடைப்பே இல்லை. ஒரு சொட்டு இறங்கமாட்டேங்கறது!"

தாண்டவராயருக்கு உடம்பு சிலிர்த்தது. தன் வாயிலிருந்து 'இல்லை' பிறந்த அதே நேரம். அந்தப் பிள்ளைக்கு இல்லாத தண்ணீர் தனக்கும் வேண்டாம் என்று, கத்திரி வெயிலில் ஐயனும் நா வறண்டு உட்கார்ந்திருக்கிறார்! கூச்சம் போன இடம் தெரியவில்லை. உள்ளே ஓடிக் கைகூப்பினார்.

"ஐயனே, தம்பி பொழச்சிக்கிட்டாரு. இனிமே நீ குடிக்கலாம்."

செம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பின்னால் இன்னொன்று.

தண்ணீர் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கொடுக்க மறுத்து, ஈசனையும் அந்தப் பிள்ளையோடு தாகத்தில் இருக்கவைத்த பெருமை நம் உப்புச்சாமிக்கே உரியது. அவர் திருவடி வாழ்க.