குணசீலன் சார் அழித்த சாஃப்ட்வேர்

ஆன்லைனில் எங்களுக்குப் புரோகிராமிங் சொல்லித்தந்த குணசீலன் சாருக்கு வாய் கொஞ்சம் நீளம். முதல் வகுப்பிலேயே, "சாஃப்ட்வேரைக் கண்ணை மூடிக்கிட்டு இன்ஸ்டால் பண்ணலாம். அதுகூட வரலைன்னா கிளாஸுக்கே வராதீங்க" என்றுவிட்டார்.

மாவு மில் நடத்தும் மரியபுஷ்பம் அக்காவுக்கு வரவில்லை. எதை டவுன்லோடு செய்தாலும் லேப்டாப் ஏற்கவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சார் கேட்டார்: "என்னம்மா, மாவு அரைக்கிற கைக்கு இதெல்லாம் வருமா?"

அக்கா பணிவாகச் சொன்னார்: "வரல சார். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சுட்டு, முதல்ல இருந்து ஒருதடவை போட்டுக் காட்டுங்க. பார்த்துக்கிட்டே நாங்களும் போட்டுடுறோம்."

"இவ்வளவுதானே!" என்று சார், இருந்ததை அழித்தார். டவுன்லோடு பக்கத்தைத் திறந்தால் வரிசையாகப் பட்டன்கள். ஒன்றை அழுத்தினார், எரர். இன்னொன்றை அழுத்தினார், அதுவும் எரர். சாருக்கு வியர்த்துவிட்டது.

"இத எனக்குக் கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார்" என்று அவர் முனகியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருடைய திரை இருண்டது.

அதன்பிறகு சார் வரவேயில்லை. மற்ற வகுப்பெல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கிறது. வாய் நீளமாக இருந்தாலும், எங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லித்தந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"நான் அவர்கிட்ட தனியா கேட்டிருக்கலாம்" என்கிறார் அக்கா.

அக்கா ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்ததில், அவர் லேப்டாப்பில் சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்து நிற்கிறது. அதில் என்ன எழுதுவது என்று சொல்லத்தான் ஆளில்லை.