இசக்கிராஜா திருகிய குமிழ்

பாளையங்கோட்டைப் பக்கம் மேடைக்கு ஒலி அமைப்பதில் லூர்து மேரியை மிஞ்ச ஆள் கிடையாது. வயது நாற்பதுதான். அவரிடம் தொழில் கற்க வந்த இசக்கிராஜாவுக்கோ ஐம்பத்து மூன்று. மாணவர் ஆசிரியையை 'அக்கா' என்பார், ஆசிரியை மாணவரை 'அண்ணாச்சி' என்பார். இதில் யார் மூத்தவர் என்று மேடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். இருவருக்கும் அது உறைக்காது.

இசக்கிராஜாவுக்கு உறைத்தது வேறு. எட்டு மாதத்துக்கு முன் நாசர் என்று ஒருவன் வேலைக்கு வந்தான். குரலையும் வாத்தியங்களையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் புது டிஜிட்டல் மிக்சர் அவன் கைக்குப் போனது. நேற்று வைத்த அளவெல்லாம் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் இன்றைக்குத் திரும்பி வந்துவிடும். இசக்கிராஜாவிடம் இருந்தது அதே வேலைக்கான பழைய அனலாக் போர்டு. வரிசை வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொன்றையும் கையால் திருக வேண்டும். திருகித் திருகி அவர் விரல் காய்த்திருந்தது. ஆனாலும் கச்சேரிக்கு வருகிறவர்கள் நாசரின் திரையைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள்.

இசக்கிராஜாவுக்கு வயிறு எரிந்தது. அவன் சிரித்தால் எரிந்தது. "டீ குடிச்சாச்சா அண்ணாச்சி?" என்று அன்பாகக் கேட்டால் இன்னும் கூட எரிந்தது.

அன்று மாலை ஆறு மணிக்குப் பாடகி மங்களாம்பிகையின் கச்சேரி. அந்தக் குரலுக்கு ஒரு தடவையாவது மிக்சரில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது இசக்கிராஜாவின் பல வருட ஆசை. காலையிலேயே லூர்து அக்காவிடம் போய் நின்றார்.

"சாயங்காலம் யாருக்கா உக்காரப் போறது?"

"இன்னும் முடிவு பண்ணல அண்ணாச்சி. நாசர் வேலை எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க."

"அவன் பொட்டியில உயிரே கிடையாதுக்கா. பிளாஸ்டிக்கைப் போட்டுத் தேய்ச்ச மாதிரி. குரல் குரலா வரணும்னா நம்ம போர்டுதான்."

"எட்டு மாசமா இதையேதான் சொல்லுதீங்க."

"எட்டு மாசமா அப்படித்தானக்கா இருக்கு."

லூர்து அக்கா சிரித்தார். "சரி. மத்தியானம் கேட்டுப் பாத்துருவோம்."

மத்தியானம் மங்களாம்பிகை ஒத்திகைக்கு வந்தார். ஒரே மைக்கிலிருந்து இரண்டு மிக்சருக்கும் குரல் போகிற மாதிரி வயர் பிரித்திருந்தது. முதலில் நாசர். மங்களாம்பிகை நாலு வரி பாடினார், அவன் திரையில் இங்கும் அங்கும் தொட்டான், முடிந்தது.

இசக்கிராஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கேட்டீங்களாக்கா? வறட்டுச் சத்தம்."

லூர்து அக்கா மைக் ஸ்டாண்டைச் சரிசெய்யச் சொல்லி நாசரை மேடைக்கு அனுப்பினார். திரையை அப்படியே விட்டுவிட்டு அவன் போனான். லூர்து அக்கா ஸ்பீக்கர் வயர்கள் வந்து சேரும் இடத்துக்குப் போய், குனிந்து, நிமிர்ந்து, திரும்பி வந்தார்.

"இப்ப உங்க முறை அண்ணாச்சி. சத்தம் போதும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். குமிழை மட்டும் பாருங்க."

மங்களாம்பிகை அதே நாலு வரியைப் பாடினார். இசக்கிராஜா அடித்தொண்டைக் கனத்தைக் கொஞ்சம் குறைத்தார். நடுவில் ஒரு குமிழை மயிரிழை அளவு திருப்பினார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்துவிட்டது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"தேன்க்கா. தேனா வழியுது. அந்தம்மா மூச்சு வாங்குறது கூட அழகா இருக்கு பாருங்க."

"நெசமாவா?"

"சத்தியமா."

மேடையிலிருந்து நாசர் கையைத் தூக்கினான். "அண்ணாச்சி, அருமை! நான் வெச்சதை விட நல்லாருக்கு!"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக இசக்கிராஜாவுக்கு அவனைப் பிடித்திருந்தது.

லூர்து அக்கா அவரை மட்டும் தனியாக வயர்கள் சேரும் இடத்துக்குக் கூட்டிப்போனார். தரையில் ஒரு தடித்த வயர் சுருட்டியபடி கிடந்தது. அதன் முனை எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"இது உங்க போர்டுல இருந்து ஸ்பீக்கருக்குப் போற வயரு அண்ணாச்சி."

"எப்பக் கழண்டுச்சு?"

"மாட்டவே இல்லையே."

"அப்பம் நீங்க இங்க வந்து குனிஞ்சது?"

"செருப்பு வாரு அவுந்திருந்துச்சு."

இசக்கிராஜா திரும்பித் தன் போர்டைப் பார்த்தார். "நான் திருகுனதெல்லாம்..."

"திருகுனீங்க. ஸ்பீக்கர்ல வந்தது நாசர் வெச்சிட்டுப் போனது. ரெண்டு தடவையும் அதேதான். ஒரு இம்மி மாறல."

மேடையில் நாசர் பாடகிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. லூர்து அக்கா சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியப்போவதில்லை. இசக்கிராஜாவுக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது. அந்த வெட்கத்திலும் அவன் மேல் இருந்த எரிச்சல் போகவில்லை, கூடத்தான் செய்தது.

"பத்து வருசம் இந்தக் காதை நம்பிப் பொழைச்சேன்க்கா. அது கெட்டுப்போச்சா?"

லூர்து அக்கா வயரின் முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"காது மேல பழியைப் போடாதீங்க அண்ணாச்சி. எட்டு மாசமா நாசர் வேலை எப்படின்னு நான் கேக்கும்போதெல்லாம் நீங்கதான் பதில் சொன்னீங்க. இன்னைக்குத்தான் உங்க காது 'தேன்'னு பதில் சொல்லியிருக்கு. சாயங்காலம் யாரு உக்காரணும்னு அதுகிட்டயே கேட்டுட்டு வந்து சொல்லுங்க."