பெரிய பிரேம் கேட்ட பிரசிடெண்ட்

பஞ்சாயத்து பிரசிடெண்ட் கோமதிநாயகம் ஆள் குள்ளம், அதிகாரம் பெரிசு. சந்தையில் சைக்கிள் கடை வைத்திருந்த செல்லக்கனியிடம் வந்து அதட்டினார்.

"ஊர்லயே ஒசரமான சைக்கிள் எனக்கு வேணும். இல்லைன்னா நாளைக்கு உன் கடை இருக்காதுடீ!"

"உங்க காலுக்குச் சின்ன பிரேம் சைக்கிள்தான் சரி, ஐயா."

"சொன்னதைச் செய்!"

பெரிய பிரேம் சைக்கிளில், ஸ்டூல் போட்டு அவரை ஏற்றி, தள்ளிவிட்டாள். பெடல் எட்டியது, தரை எட்டவில்லை. நிறுத்தினால் விழுவார். பாவம், சந்தையையே சுற்றிச் சுற்றி வந்தார். பிரசிடெண்ட் பவனி வருகிறார் என்று சனம் கும்பிடு போட்டது.

"ஏட்டி, என்னை எறக்கு!"

"ஒசரமா உக்காரணும்னுதான கேட்டீய? எறங்கணும்னு சொல்லலியே!"

அடுத்த சுற்றில் கேட்டாள்: "நாளைக்குக் கடை இருக்குமா, ஐயா?"

"இருக்கும், இருக்கும்! பிடி!"

பிடித்தாள். கால் தரையைத் தொட்டதும் பிரசிடெண்ட் குரல் இறங்கியது.

"தாயி, அந்தச் சின்ன பிரேம் இன்னும் இருக்கா?"