செவந்தியின் உயரத்துக்கு இறங்கிய மாமன்கள்

மேலப்பொட்டல் அழகம்மாளுக்கு மூன்று தம்பிகள். மூத்தவன் ஒச்சப்பன், அடுத்தவன் விருமன், கடைசி சின்னக்காளை. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அழகம்மாளுக்குக் கவலையே அதுதான்.

அவள் மகள் செவந்திக்கு ஒன்றரை வயசு. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டு, "காது கேக்குது, பயப்படாதீங்க. நிறைய விளையாட்டுக் காட்டுங்க. மேலேருந்து பேசாம, பிள்ளை உசரத்துக்கு இறங்கி, முகத்துக்கு நேரா முகம் வச்சுப் பேசுங்க" என்றார்.

மறுநாள் அழகம்மாள் மில்லுக்குக் கிளம்பும்போது, "நர்ஸம்மா சொன்னபடி செய்யுங்கடா" என்று பிள்ளையைத் தம்பிகளிடம் விட்டுப் போனாள்.

மூவரும் செவந்தியை நிற்க வைத்துச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"எப்படிண்ணே இறங்குறது?" என்றான் விருமன். "மனுசன் வளரலாம், குறைய முடியுமா?"

"நாம ஏன்டா குறையணும்? தரை குறையட்டும்" என்றான் ஒச்சப்பன்.

முற்றத்தில் இடுப்பளவுக்குப் பள்ளம் தோண்டி, மூவரும் உள்ளே இறங்கி வரிசையாக நின்றார்கள். முகத்துக்கு நேரே முகம்.

"செவந்தி, மாமான்னு சொல்லு!"

செவந்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பொத்தென்று பள்ளத்துக்குள் குதித்தாள். ஒச்சப்பன் லாவகமாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான்.

"போச்சு, மறுபடியும் குள்ளமாயிட்டா" என்றான் விருமன்.

"இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா முகம் நேரா வருதேண்ணே" என்றான் சின்னக்காளை.

"நம்மளத்தான் இறங்கச் சொன்னாங்க. பிள்ளையை ஏத்தச் சொல்லலை" என்றான் ஒச்சப்பன்.

சரிதான் என்று தங்கள் பக்கம் மட்டும் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். அவள் அங்கேயும் குதித்தாள். இவ்வளவு நல்ல விளையாட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவர்கள் தோண்ட, அவள் குதிக்க, பொழுது போனது.

சாயங்காலம் அழகம்மாள் வந்தபோது வீட்டில் யாருமில்லை. மண்ணுக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். கீழே சேறு பூசிய நாலு முகம்.

"அடப்பாவிகளா! பிள்ளைய என்னடா பண்றீங்க?"

செவந்தி அண்ணாந்து பார்த்தாள். "அம்மா!" என்றாள்.

அழகம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். கீழே மூன்று பேரும் அழுதார்கள். விருமன்தான் முதலில் மூக்கைத் துடைத்தான்.

"அண்ணே, கவனிச்சியா? பகல் பூரா முகத்துக்கு நேரா பேசுனோம், வாயே தெறக்கலை. அண்ணாந்து பார்த்ததும் பேசிட்டா."

ஒச்சப்பன் வெகுநேரம் தாடையைத் தடவினான். "அப்போ நாம தலைகீழா வெளங்கிக்கிட்டோம்டா."

செவந்தி பேசிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, மறுநாள் காலையிலேயே நர்ஸம்மா வந்தார். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தது. மாமன்களைக் காணோம். வேப்பமரத்து உச்சியிலிருந்து மூன்று குரல்கள் வந்தன.

"செவந்தி, மாமான்னு சொல்லு!"

நர்ஸம்மா மரத்தடிக்கு ஓடினார். "ஐயோ, முதல்ல மூணு பேரும் இறங்குங்க!"

கிளைகளுக்குள் கொஞ்சநேரம் கசமுசவென்று ஆலோசனை நடந்தது. பிறகு ஒச்சப்பன் தலையை நீட்டி, பணிவாகக் கேட்டான்:

"எவ்வளவு ஆழத்துக்கு, நர்ஸம்மா?"