கூலி வாங்காத பூபாலர்

முன்பொரு காலத்தில் கொன்றைநாட்டை வீரசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் அவனுக்குப் பச்சை நிறம் பிடிக்கும். மாலையில் பச்சையைக் கண்டாலே ஆகாது. அதனால் அரண்மனையில் கட்டிலும் நாற்காலியும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைத் தேடி வாங்கிப் போடுவது அலங்கார அதிகாரி பூபாலரின் வேலை.

"இத்தனை அலைச்சலுக்கும் ஒரு காசு கூலி வாங்கியதில்லை, மன்னா" என்று பூபாலர் சபையில் சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, சம்பளம் வாங்கும் மந்திரி தத்துவராயரை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

மந்திரிக்கு அது உறுத்தியது. கூலி வாங்காதவர் வீட்டில் மூன்றாவது மாடி எழும்புகிறதே, எப்படி? ஒருநாள் சபையிலேயே கேட்டுவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "வரப்போகிற இளவரசியின் கல்யாணத்துக்குள், பூபாலர் தப்பாகச் சம்பாதிக்கிறார் என்பதை நீரே நிரூபித்துக் காட்டும். இல்லையென்றால் உம் பதவி பூபாலருக்கு!"

பூபாலர் அப்போதே மந்திரியின் ஆசனத்தை அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

மந்திரி யோசித்தார். கடைக்காரர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பூபாலர்தான் அவர்களுக்குப் படியளக்கிறவர். ஆகவே ராஜாவின் காதில் ஒரு விளையாட்டைச் சொன்னார். விளையாட்டு என்றால் ராஜாவுக்கு உயிர்.

மறுநாள் ராஜா சொன்னான்: "பூபாலரே, சம்பந்தி வீட்டார் தரையில்தான் உட்காருவார்களாம். முந்நூறு கோரைப்பாய் பார்த்து வாங்கும்."

பூபாலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ மன்னா, மூன்று நாளாக முதுகுவலி. வைத்தியர் நடக்கவே கூடாதென்றார்."

"அடடா! தந்தம் இழைத்த நாற்காலியாக இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொன்னார்கள். கப்பலில் வந்து இறங்குமாம். யாரை அனுப்புவது?"

"நான் எதற்கு இருக்கிறேன்!" பூபாலர் நிமிர்ந்தே விட்டார். "இன்றே துறைமுகம் போகிறேன்."

"முதுகு?" என்றார் மந்திரி.

சபை சிரிப்பில் அதிர்ந்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொல்லும்."

பூபாலர் மறுபடியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நிறைய வாங்குகிறேன் என்று கடைக்காரர்கள் எனக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தருவார்கள். தங்களிடம் முழு விலையைச் சொல்வேன். இடையில் நிற்கும் பணம் எனக்கு. இது தொழில் வழக்கம், மன்னா!"

"போடு சிறையில்!"

"வேண்டாம் மன்னா" என்றார் மந்திரி. "தேடி வாங்குவதும் வேலைதான். அதற்குக் கூலி கேட்கலாம். ஆனால் முன்னாலேயே சொல்லிக் கேட்க வேண்டும். இப்போதோ விலை ஏற ஏற இவர் பங்கும் ஏறுகிறது. பிறகு மலிவான நல்ல நாற்காலி இவர் கண்ணில் எப்படிப் படும்?"

ராஜா தலையாட்டினான். "இனி கூலியைப் பேசி முடித்த பிறகே கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் விலை நேராக எனக்கு வரட்டும். ஆனால் பூபாலரே, கூலி வாங்குவதில்லை என்று இத்தனை நாள் சொன்னீரே, இந்தக் கல்யாணத்துக்கு அது மெய்யாகட்டும். முந்நூறு பாயையும் வாங்கிவந்து நீரே விரித்துப் போடும்!"

பிறகு மந்திரியின் பக்கம் திரும்பினான். "உமக்குப் பரிசு வேண்டாமா? இனி அரண்மனைச் செலவில் மிச்சமாகும் ஒவ்வொரு பத்துப் பொன்னுக்கும் ஒரு பொன் உமக்கு!"

மந்திரி பதறிப்போனார். "ஐயையோ, வேண்டாம் மன்னா! அப்படித் தந்தால், தங்களுக்கு இரண்டு வேளைச் சோறு எதற்கு என்று நாளைக்கே எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். தர நினைப்பதை ஒரே தொகையாக இப்போதே தந்துவிடுங்கள்."

ராஜா தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு அவசர அவசரமாக ஒரு பொன்முடிப்பைக் கொண்டுவரச் சொன்னான்.